பிரபு சாவு சொல்லப் போன பகல்

கிட்டே வாருங்கள், என் தங்கங்களே. கதவோரம் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள், பனி உள்ளே வருகிறது. இன்று உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். ஸ்பெயின் ராஜாவை எதிர்த்து எங்கள் நீர்நாடு எழுந்து நின்ற காலத்துக் கதை. அந்தக் காலத்துத் தலைவரைச் சுட்டார்கள், அவர் விழுந்தார், செத்தார் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். என் கதையில் வருகிறவர் வேறொருவர். கதைக்கென்றே பிறந்த மனிதர். அவரையும் சுட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். பிழைத்ததிலிருந்துதான் வினை தொடங்கியது. பயம் வந்தால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

ஓஸ்டர்வீன் என்று ஒரு ஊர். நாலு பக்கமும் தண்ணீர், நடுவே நீளமாக ஒரு கரை, கரை நெடுக வீடுகள், வீட்டுக்கு வீடு இடையில் ஒரு வாய்க்கால். அங்கே லூபெர்ட் என்ற படகோட்டி இருந்தான். அவன் மனைவி ஃபென்னா. ஒரே மகள் ஹில்லா, பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது. வீட்டின் முன்பாதியில் மனிதர்கள், பின்பாதியில் ஒரு பசு, முற்றத்துக்கு அப்பால் பாலாடைக்கட்டி செய்கிற சின்னக் கொட்டகை. அவ்வளவுதான் அவர்கள் சொத்து.

கலகத்தை நடத்திய எவெரார்ட் பிரபு அந்த இலையுதிர்காலத்தில் மதகுகளைப் பார்வையிட ஓஸ்டர்வீனுக்கு வந்தார். லூபெர்ட்டின் படகில்தான் வந்தார். படித்துறையில் இறங்கப்போகும் நேரம், எரிந்துபோன தன் காற்றாலைக்கு நியாயம் கேட்டு வந்திருப்பதாகச் சொன்ன ஒருவன் மேலங்கிக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்தான். லூபெர்ட் கயிற்றை முளையில் கட்ட அப்போதுதான் எழுந்தான். வீரத்துக்காக எழவில்லை, கயிறு கட்டத்தான் எழுந்தான். குண்டு அவன் நெஞ்சுக்குள் புகுந்து வெளியே வந்து பிரபுவின் விலாவில் பாய்ந்தது. இரண்டு பேரும் படகுக்குள்ளேயே சாய்ந்தார்கள்.

சுட்டவனைக் காவலர்கள் அங்கேயே வெட்டிப் போட்டார்கள். அடர்ந்த பனி. கரையில் இருந்த வீடுகளுக்குச் சத்தம் கேட்டதே தவிர ஒன்றும் தெரியவில்லை. கண்ணால் பார்த்தவர்கள் தளபதி யோஸ்ட், அவருடைய காவலர்கள், புருஷனுக்குக் கறுப்பு ரொட்டி கொண்டுவந்த ஃபென்னா, இவர்கள்தான்.

யோஸ்ட் படகில் குனிந்து இருவர் மூக்கிலும் கைவைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"அம்மா, உங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. பிரபுவுக்கு மூச்சு இருக்கு."

ஃபென்னா ரொட்டித் துணியைப் பிடித்தபடி நின்றாள்.

"கேளுங்கம்மா. தெற்கே பெரிய நகரத்தை எதிரி வளைச்சிருக்கான். ஆத்துக்குக் குறுக்கே பாலம் கட்டி ஒரு மூட்டை தானியம் உள்ள போக விடல. அங்க ஜனங்க எலியைத் தின்னுறாங்க. பிரபு செத்தாருன்னு எதிரி நம்பினா குடிச்சுட்டுக் கூத்தாடுவான், காவலைத் தளர்த்துவான். அந்த நேரம் பார்த்து நம்ம கப்பலுங்க போய்ப் பாலத்தை உடைக்கலாம். ஆனா பெட்டிக்குள்ள ஒரு ஆள் வேணும்."

"என் ஆளையா கேக்குறீங்க?"

"பிரபு பேருல போவாரு. எல்லாம் முடிஞ்சதும் அவரு பேரைச் சொல்லி நானே மணி அடிக்க வைக்கிறேன். சத்தியம்."

அவள் தலையசைத்தாள். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டிருந்தாலும் தலையசைத்திருப்பாள். 'சாவு சொல்றதுதானே, பிறகு சொல்லிக்கலாம்' என்று மனசுக்குள் ஒரு வார்த்தை ஓடியது. அங்கேதான் அவள் தவறு செய்தாள்.

ஏனென்றால் ஓஸ்டர்வீனில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால், அந்த வீட்டுக்கு எந்த வீட்டு அடுப்பு மிகப் பக்கமோ அந்த அடுப்புக்காரர் கறுப்பு மேலங்கியும் நீளத் தொப்பியும் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து வாசல் வாசலாக வர வேண்டும். யாருக்கும் வணக்கம் சொல்லக்கூடாது, உள்ளே நுழையக்கூடாது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது. "இன்னார் இறந்துவிட்டார். உங்களுக்குச் சொல்லச் சொன்னார்கள்." அவ்வளவுதான். வீட்டுக்காரர் "கேட்டோம்" என்று சொல்ல வேண்டும். கடைசியில் இறந்தவரின் சொந்த வாசல். பிறகு தொழுவத்துப் பசு. எல்லா வாயும் கேட்டோம் என்ற பிறகுதான் இறந்தவருக்குப் போக விடை கிடைக்கும்.

எவெரார்ட் பிரபுவுக்கு அந்த ஊரில் வீடும் இல்லை, பக்கத்து அடுப்பும் இல்லை; அதனால் அவருக்குச் சாவு சொல்லக் கோயில் காவல்காரர் அன்றே கிளம்பினார். ஃபென்னாவின் வாசலிலும் வந்து நின்று சொன்னார். நகக்கண்ணில் லூபெர்ட்டின் ரத்தம் காயாமல் இருக்க, அவள் "கேட்டோம்" என்றாள். ஈயப் பெட்டி பிரபுவின் கொடி போர்த்திக்கொண்டு பெரிய பட்டணத்துக் கோயிலுக்குப் போனது. லூபெர்ட்டுக்கு ஒருவரும் எந்த வாசலிலும் போய் நிற்கவில்லை.

பிரபுவை ஃபென்னாவின் பாலாடைக் கொட்டகையில் ஒளித்துவைத்தார்கள். அம்மை கண்ட சிப்பாய் ஒருவன் கிடக்கிறான் என்று சொன்னதும் ஊர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஆனால் ஊர் வாயை யார் கட்டுவது? பிரபு செத்த அன்றைக்கே படகோட்டியையும் காணோம் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அலைட், துணி அலசிக்கொண்டே வாயையும் அலசினாள்.

"ஏன் ஃபென்னா, உன் வீட்டுக்காரரு எங்க போயிருக்காரு?"

"சேதி கொண்டு போயிருக்காரு அக்கா. கடல் தாண்டி."

"கடல் தாண்டியா! அந்த ஓட்டைப் படகுலயா? ஸ்பெயின் தங்கம் கனமா இருக்குமே, முங்கிடப்போவுது."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஃபென்னா துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடுவோமோ என்று பயம்.

பனி இன்னும் இறுகிய ஒரு காலையில் அவள் பால் கறக்கப் போனாள். பசுவின் மடி வற்றிக் கிடந்தது. பக்கத்தில் வாளி நிறைந்து நின்றது. ஹில்லாவாக இருக்கும் என்று நினைத்து வாளியைத் தூக்கினாள். அப்போதுதான் கறந்த பால் என்றால் ஆவி பறக்க வேண்டும். இது கல்லைத் தொட்டது போல் சில்லென்று இருந்தது. கைப்பிடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தேய்த்து முகர்ந்தாள். சுண்ணாம்பு. கோயில் தரைக்குக் கீழே, கல்லறை அறைகளில் பூசுகிற சுண்ணாம்பு.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவள் முன்கூட்டியே போய் வைக்கோலுக்குப் பின்னால் நின்றாள். ஒருவரும் வரவில்லை. பசு மட்டும் தலையைத் திருப்பி, வீட்டு எஜமானைப் பார்க்கிற அதே பார்வை பார்த்தது. காம்பிலிருந்து பால் தானாகப் பீய்ச்சி விழும் சத்தம், வலது இடது வலது இடது என்று. லூபெர்ட் எப்போதும் வலது காம்பில்தான் ஆரம்பிப்பான்.

அவள் அலறவில்லை. என்ன செய்தாள் தெரியுமா, என் கண்ணுகளே? மண்டியிட்டு அந்த வாளியைக் கட்டிக்கொண்டாள்.

அதன்பின் ஒரு மதிய வேளையில் அவன் முழுசாகவே வந்தான். வாசலைத் திறந்துகொண்டு, பனியைத் தோளிலிருந்து தட்டிக்கொண்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்தான். மேலங்கியில் நெஞ்சுக்கு நேரே ஒரு ஓட்டை. புருவத்தில் சுண்ணாம்புத் தூள்.

"என்ன புள்ள, அப்படிப் பாக்குற? ஆளைப் பாத்ததில்லையா?"

"எங்க போயிட்டு வர்ற?" என்று கேட்டாள்.

"அதான் தெரியல. வேலை முடிஞ்சு எங்கயோ படுத்துத் தூங்கிடுறேன். ஒரே கனவு, ஃபென்னா. வெல்வெட் மெத்தையில படுத்திருக்கேன். பட்டுக் கவுன் போட்ட சீமாட்டிங்க வந்து அழுறாங்க. 'பிரபுவே, பிரபுவே'ங்குறாங்க. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. ஏம்மா, நான் படகோட்டி லூபெர்ட்டும்மான்னு சொல்லப் பாக்குறேன், வாய் திறக்க மாட்டேங்குது."

அவனும் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். அவன் சாகவில்லை, யாரும் சாகவில்லை, இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று அவள் நெஞ்சு துள்ளியது. அவன் செத்தது அவனுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லையே, எப்படித் தெரியும்?

அன்று மாலை கொட்டகைக்குக் கஞ்சி கொண்டுபோனபோது பிரபு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். மெலிந்து தாடி வளர்ந்திருந்தார். வீட்டு நாய் அவர் மேலேயே ஏறி நடந்து, வெறும் வைக்கோலில் படுப்பது போல் அவர் மடியில் சுருண்டது.

"பாத்தீங்களாம்மா? இதுக்கு நான் இங்க இருக்கிறதே தெரியல," என்றார்.

"சோம்பேறி நாய் அது, ஐயா."

"தீயும் சோம்பேறியா?" அவர் கையைத் தணலுக்கு வெகு கிட்டத்தில் நீட்டினார். ஃபென்னா பதறிப் பிடித்து இழுத்தாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. "சுடல. காயம் வலிக்கல. பசிக்கல. ஊரெல்லாம் எனக்குக் கேட்டோம்னு சொல்லிட்டாங்க இல்ல? இந்தத் தீ என்னைய ஒரு ஆளாவே மதிக்க மாட்டேங்குது."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஃபென்னாவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. இங்கே உயிரோடு இருப்பவருக்குச் சாவு சொல்லியாயிற்று, அங்கே செத்துப்போனவனுக்குச் சொல்லவில்லை. ஒருவர் வாசலில் ஒருவர் நிற்கிறார்கள். ஆனாலும் அவள் லூபெர்ட் வருவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் போய்விடுவானோ என்ற பயம். ஆசைதான், வேறென்ன சொல்ல?

லூபெர்ட் தினமும் மதியத்தில் வர ஆரம்பித்தான். ஹில்லா அவன் முழங்காலில் ஏறிக்கொள்வாள். ஒருநாள் அவளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்த ஃபென்னா சீப்பை நிறுத்தினாள். முடிக்குள் சுண்ணாம்புத் தூள். குழந்தையின் காது, கழுத்து, விரல் எல்லாம் சில்லிட்டிருந்தன. அடுப்பருகே உட்காரவைத்தாள், கம்பளி சுற்றினாள், சூடான மோர் கொடுத்தாள். சூடு ஏறவேயில்லை.

"உடம்புக்கு என்ன பண்ணுது, கண்ணு?"

"ஒண்ணும் பண்ணல. பசிக்கல." ஹில்லா கொட்டாவி விட்டாள். "அம்மா, நாளைக்கு நான் அப்பாகூடப் போறேன். அப்பா படுக்குற இடத்துல தனியா இருக்கக் குளிருதாம். வெல்வெட் மெத்தைல என்னையும் படுக்கவச்சுக்கிறேன்னாரு. நாளைக்கு மதியம் ஷூ போட்டுத் தயாரா இருன்னாரு."

ஃபென்னா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கொட்டகைக்கு ஓடினாள். தளபதி யோஸ்ட் அங்கேதான் பிரபுவோடு வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், வாளி, சுண்ணாம்பு, நாற்காலி, ஒன்றையும் விடாமல்.

"அவருக்குச் சாவு சொல்லணும், ஐயா. நாளைக்கு மதியத்துக்குள்ள."

யோஸ்ட் தலையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, காத்து தெற்கே திரும்பினதும் கப்பலுங்க கிளம்பிடும். கொஞ்சம் பொறுங்க. இப்ப லூபெர்ட் செத்தாருன்னு சொன்னா, எப்படிச் செத்தாரு, பிணம் எங்கன்னு ஊர் கேக்கும். பெட்டிக்குள்ள யாருன்னு கேக்கும். ஒரு குழந்தைக்காக ஒரு நகரத்தையே கைவிடச் சொல்றீங்களா?"

"நகரத்துக்காக என் புருஷனைக் குடுத்தாச்சு. அவரைத் திருப்பிக் கேக்கல. அவரு பேரை மட்டும் கேக்குறேன்."

யோஸ்ட் வரைபடத்தைச் சுருட்டினார். "அப்படியே நான் சரின்னாலும் யாரும்மா போறது?" என்றார். "பக்கத்து அடுப்பு அலைட்டோடது. அவ உங்க வீட்டுக்காரரைத் துரோகிங்குறா."

ஃபென்னா அலைட்டின் வாசலுக்கும் போய்ப் பார்த்தாள். வாய்க்கால் பலகையைத் தாண்டி, குழந்தையைச் சுமந்துகொண்டு. அலைட் கதவின் மேல்பாதியை மட்டும் திறந்தாள்.

"ஓடிப்போனவனுக்குச் சாவு சொல்லணுமா? நல்லா இருக்கே! தங்கத்தை எண்ணி முடிச்சதும் அவனே வந்து சொல்லுவான், போ."

கதவு சாத்திக்கொண்டது.

ஃபென்னா திரும்பி வந்தபோது கொட்டகையில் யோஸ்ட் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். பிரபு எழுந்து நின்றிருந்தார். குண்டு பட்டதிலிருந்து அவர் தானாக எழுந்து நின்றது அதுதான் முதல் முறை.

"அம்மா, இந்த அடுப்புல தீ மூட்டுறது யாரு?"

"நீங்கதான், ஐயா."

"இது அலைட் அடுப்பைவிட உங்க வீட்டுக்குப் பக்கமா, தூரமா?"

ஃபென்னா கதவு வழியே தன் வீட்டைப் பார்த்தாள். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே முற்றம் மட்டும்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அலைட்.

"அப்ப நான்தான் பக்கத்து வீட்டுக்காரன். முறை எனக்குத்தான் வருது."

"பிரபு!" யோஸ்ட் கத்தியேவிட்டார். "உங்களைப் பாத்தா முடிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள எதிரிக்குச் சேதி போயிடும்."

"அப்ப சாயங்காலத்துக்கு முன்னாடி கிளம்பிடு. காத்து இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. துடுப்பு எதுக்கு இருக்கு?" பிரபு தாடியைச் சொறிந்துகொண்டார். "எனக்குப் பதிலா ஒருத்தன் படுத்திருக்கான், யோஸ்ட். அவன் பிள்ளையையும் எனக்குப் பதிலா அனுப்பவா?"

மறுநாள் பகல். பனி சுவர் மாதிரி நின்றது. தன் கையே தனக்குத் தெரியாத பனி. பிரபு மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஊரின் கடைக்கோடிக்குப் போய்விட்டார். ஃபென்னா வீட்டில் மகளோடு காத்திருந்தாள்.

லூபெர்ட் வந்தான். கதவைத் திறந்தபோது சுண்ணாம்பு வாடை வீடெல்லாம் பரவியது.

"ஹில்லாக்குட்டி, ஷூ போட்டாச்சா?"

"போட்டாச்சுப்பா," என்றாள் குழந்தை. உதடு நீலமாக இருந்தது.

"கொஞ்சம் இரு," என்றாள் ஃபென்னா. "கஞ்சி குடிச்சுட்டுப் போ."

"பசிக்கல, புள்ள."

"அப்ப அந்த ஓட்டையைத் தைச்சுக்கிட்டாவது போ. ஊர் என்ன சொல்லும், லூபெர்ட் பொண்டாட்டிக்கு ஊசி பிடிக்கத் தெரியாதுன்னு சொல்லாது?"

அவன் சிரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஹில்லா அவன் மடியில் ஏறிக்கொண்டாள். ஃபென்னா மூன்றாம் தடவையில்தான் நூல் கோர்த்தாள். அவன் முன்னால் மண்டியிட்டு, நெஞ்சுக்கு நேரே இருந்த ஓட்டையைத் தைக்க ஆரம்பித்தாள். துணிக்குள் போன ஊசி எதிலும் முட்டவில்லை. துணிக்குப் பின்னால் நெஞ்சு இல்லை. குளிர் மட்டும் இருந்தது. அவள் சின்னச் சின்னத் தையலாகப் போட்டாள், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.

தூரத்தில், தண்ணீரின் மேல் ஒரு குரல் வந்தது. பனியில் சத்தம் நன்றாக நகரும், உங்களுக்கும் தெரியும். யாரோ ஏதோ சொல்ல, ஒரு கதவு படாரென்று திறந்தது, ஒரு பாத்திரம் உருண்டது, கடைசியில் நடுங்கிக்கொண்டு ஒரு "கேட்டோம்" வந்தது.

லூபெர்ட் தலையைச் சாய்த்தான். "சாவு சொல்றாங்க போலிருக்கே. யாரு போனது?"

"தெரியல. அசையாத, ஊசி குத்திடும்."

அடுத்த வீடு. இன்னொரு கதவு. ஒரு கிழவரின் குரல்: "யோவ், நீங்க மனுஷனா, பேயா?" உள்ளேயிருந்து அவர் மனைவி அதட்டினாள்: "பேய்க்குத் தொப்பியில தண்ணி சொட்டுமா? சொல்றதைக் கேளுய்யா!" பிறகு "கேட்டோம்."

குரல் வீடு வீடாகக் கிட்டே வந்தது. வர வர ஹில்லாவின் தலை அப்பாவின் தோளில் சரிந்தது. கண் சொருகியது. லூபெர்ட் எழப்போனான். "நேரமாச்சு, ஃபென்னா. நான் வந்து தைச்சுக்கிறேன்."

"இன்னும் ஒரு முடிச்சு. ஒரே முடிச்சு."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அலைட்டின் கதவு திறந்தது. அவள் போட்ட கூச்சலில் வாத்துகள் எழும்பின.

"ஐயோ சாமி! பிரபு ஐயா! உங்களுக்குத்தான் நாங்க அப்பவே கேட்டோம்னு சொல்லிட்டோமே! திரும்ப எதுக்கு வந்தீங்க?"

பிரபுவின் குரல் தெளிவாகக் கேட்டது. வலியோடு இருந்தது அந்தக் குரல், விலாவைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர் குரல். "படகோட்டி லூபெர்ட் இறந்துவிட்டார். உங்களுக்குச் சொல்லச் சொன்னார்கள்."

"லூபெர்ட்டா? அவன் ஓடிப்... அப்போ பெட்டிக்குள்ள..." பிறகு அழுகைக்கு நடுவே, "கேட்டோம். கேட்டோம் ஐயா."

வீட்டுக்குள் லூபெர்ட் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"எந்த லூபெர்ட்?" என்றான். "இந்த ஊர்ல படகோட்டி லூபெர்ட் நான் ஒருத்தன்தானே?"

பலகை மேல் காலடி. வாசலில் கறுப்பு உருவம் வந்து நின்றது. லூபெர்ட்டின் கண்ணும் பிரபுவின் கண்ணும் சந்தித்தன. தன்னைச் சுமந்துகொண்டு வந்த படகோட்டியைப் பார்த்ததும் அவர் வாய் கோணியது. ஆனால் வழக்கம் வழக்கம்தான், வணக்கம் சொல்லவில்லை.

"படகோட்டி லூபெர்ட் இறந்துவிட்டார். உங்களுக்குச் சொல்லச் சொன்னார்கள்."

லூபெர்ட் மெதுவாகக் குனிந்து தன் மேலங்கியைப் பார்த்தான். பாதி தைத்த ஓட்டை. பிறகு மனைவியைப் பார்த்தான்.

"ஃபென்னா?"

அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த நாற்காலி காலியாகும். நாளை மதியம் கதவு திறக்காது, இனி எந்த மதியமும் திறக்காது. சொல்லாவிட்டால்? அவன் மடியில் ஹில்லாவின் கை தொங்கியது, மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. அவன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கேட்டோம்."

லூபெர்ட் கோபப்படவில்லை. யாரோ வெகுநாளாகத் தேடிய சாவியைக் கையில் கொடுத்தது போல் ஒரு பெருமூச்சு விட்டான். மகளைத் தூக்கி ஃபென்னாவின் மடியில் வைத்தான்.

"அதான் அந்த மெத்தை எனக்கு ஒத்துக்கவே இல்ல," என்றான். வாசல் வரை போய்த் திரும்பினான். "படகைக் கட்டினேனா நான்? அன்னைக்கு?"

கயிறு அன்று அவன் கையிலேயே இருந்தது. அவள்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

"கட்டின. நல்லாக் கட்டியிருந்த," என்றாள்.

அவன் தலையசைத்தான். பிறகு வாசலில் பனிதான் இருந்தது. அவன் எப்போது போனான் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவன் மேலங்கியில் அவள் தைத்த நூல், ஊசியோடு, அவன் நின்ற இடத்தில் தரையில் கிடந்தது.

பின்பாதியில், தொழுவத்தில், பிரபு தொப்பியைக் கழற்றாமல் பசுவின் முன்னால் நின்று அதே வார்த்தைகளைச் சொல்வது கேட்டது. பசு நீளமாக ஒருமுறை கத்தியது. அதைக் கேட்டு ஹில்லா கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது," என்றாள். ஃபென்னா அவள் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து அப்படியே இருந்துவிட்டாள்.

பிரபு முற்றத்துக்கு வந்தபோது விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினார். காயம் வலித்தது. நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. யோஸ்ட் படித்துறையில் படகோடு காத்திருந்தார். உடை மாற்றக்கூட நேரமில்லை. அதே கறுப்பு மேலங்கியோடும் தொப்பியோடும் பிரபு ஏறிக்கொண்டார். பாலத்தைக் காத்த எதிரிச் சிப்பாய்கள், தாங்கள் குடித்துக் கொண்டாடிய பிணம், பனிக்குள்ளிருந்து முதல் கப்பலின் முனையில் நின்றுகொண்டு வருவதைப் பார்த்தார்கள். பாதிப் பேர் பீரங்கியைத் தொடவே இல்லையாம், ஆற்றில் குதித்தார்களாம். பாலம் உடைந்தது. அந்த நகரத்தில் மறுநாள் ரொட்டி சுட்டார்கள். காற்றுக்குக் காத்திருந்தால் எப்படி முடிந்திருக்குமோ, யாருக்குத் தெரியும்? யோஸ்ட் தன் சத்தியத்தைக் காப்பாற்றினார், பெரிய பட்டணத்துக் கோயிலில் லூபெர்ட் பேரைச் சொல்லி மணி அடித்தது.

அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கே, பனி விலகுமுன், அலைட் பலகையைத் தாண்டி வந்தாள். கையில் ரொட்டி, இடுப்பில் பீர் சாடி. வாசலில் நின்றாள், உள்ளே வரத் துணியவில்லை.

"உன்னை என்னென்ன பேசிட்டேன், ஃபென்னா. இந்த நாக்கை அறுத்து வாத்துக்குப் போடு."

"வாத்து என்ன பாவம் பண்ணுச்சு, அக்கா? உள்ள வாங்க."

அவளுக்குப் பின்னால் கரை நெடுக ஒவ்வொருவராக வந்தார்கள். பேயா என்று கேட்ட கிழவர், அவர் மனைவி, துணித்துறையில் சிரித்த பெண்கள் எல்லாரும். நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். லூபெர்ட்டின் படகைப் பற்றி, அவன் பாடிய பாட்டுகளைப் பற்றி, அவன் ஒருமுறை பாதிரியாரையே தண்ணீரில் தள்ளியதைப் பற்றிப் பேசினார்கள். யாரோ ஒருத்தி பேச்சுவாக்கில் ஃபென்னாவை "லூபெர்ட்டோட விதவை" என்று சொன்னாள். அந்த வார்த்தையை அதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவள் இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு, ஊரே கேட்க, வாய்விட்டு அழுதாள். அலைட் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

போய்வாருங்கள், என் செல்வங்களே. உங்கள் வாசலில் வந்து நிற்கிற கால்கள் நல்ல சேதியோடு வரட்டும். உங்கள் அடுப்பில் தீயும், பக்கத்து அடுப்பில் இரக்கமும் குறையாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகளும் பிள்ளைகளின் பிள்ளைகளும் நெடுங்காலம் வாழ்ந்து, உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.